நூலகச் சுவரில் முட்டும் பாதை

நான்கு தாள்களில் மூன்று பளபளவென்று அச்சடித்தவை. நான்காவது மட்டும் பென்சிலில் வரைந்தது. அதன் ஓரங்களில் டேப் உரித்த தழும்பு. நான்கையும் சுவரில் வரிசையாகப் பின் குத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள், ஒரு பெண், இரண்டு பையன்கள். பென்சில் தாளை வரைந்தவன் மழைக்காலத்திலேயே இறந்துபோயிருந்தான்.

நான் கடலூரில் வீடுகளுக்குப் பிளான் போட்டுக்கொடுக்கிறவள். ஈசானிய மூலைக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் நடுவே சமரசம் பேசிப் பேசியே நாற்பதைத் தாண்டிவிட்டேன். எப்போதாவது கட்டடக்கலைப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக் குறை சொல்லக் கூப்பிடுவார்கள். ரிவ்யூ என்பார்கள். பிள்ளைகள் நின்று விளக்குவார்கள், நாங்கள் உட்கார்ந்து குடைவோம், அவர்கள் எதிர்த்துப் பேசுவார்கள், சிலர் வெளியே போய் அழுவார்கள். கொஞ்சம் கொடுமைதான். ஆனால் இந்தக் கோட்டின் மேல் நாளைக்கு நிஜமாகவே ஆள் நடக்கப்போகிறான் என்று நம்பித்தான் திட்டுகிறோம். எனக்கு அந்த நம்பிக்கை பிடிக்கும். கூப்பிட்டால் போய்விடுவேன். அன்றும் அப்படித்தான் பஸ் ஏறினேன். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது. கீழே ஆறு எந்த அவசரமும் இல்லாமல், கடல் பக்கத்தில்தான் என்று தெரிந்ததுபோல, வெயிலில் கிடந்தது.

சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தை முதலிலிருந்து யோசித்துப் பார்ப்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. பிள்ளைகள் எங்கே நடப்பது, வண்டி எங்கே நிற்பது, எங்கே நிழல் விழும், தண்ணீர் எங்கே போகும். ஒவ்வொரு குழுவும் வளாகத்தை நான்காகப் பிரித்து ஆளுக்கொரு பகுதி எடுத்துக்கொண்டது. இந்தக் குழுவில் அவனுக்கு மேற்குப் பகுதி. ரயிலை விட்டு இறங்குகிற பிள்ளைகள் வகுப்புக்கு நடந்து வரும் பாதை அவனுடையது. முதலில் எல்லாரும் பென்சிலில் போட்டார்கள், பிறகு மற்ற மூவரும் கணினிக்குப் போனார்கள். அவன் அதற்குள் மங்கலம்பேட்டைப் பக்கம் இருக்கும் ஊருக்கு மழையில் வண்டியில் கிளம்பி, வடலூர் தாண்டி, வீடு போய்ச் சேரவில்லை.

அந்தப் பெண் விளக்கிக்கொண்டே வந்தாள். விடுதிகள், விளையாட்டுத் திடல், சைக்கிள் தடம். நல்ல குரல். பென்சில் தாளின் பாதை இரண்டு பக்கமும் மரங்களோடு ஓரம் வரை வந்து, அடுத்த தாளில் நூலகத்தின் பின்சுவரில் போய் முட்டியது. அதுவும் கழிப்பறைச் சுவர்.

புதுச்சேரியிலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியர் என் பக்கம் சாய்ந்தார். "அத வுட்டுடலாம்மா. மூணு ஷீட்ட மட்டும் பாத்துடுவோம். பாவம்."

அவளுக்குக் கேட்டுவிட்டது.

"அவன் ஷீட்டையும் பாருங்க மேம்."

"பாத்தேன்மா, நல்லா…"

"அதான் மேம் வேணாங்கறேன். வர்றவங்க எல்லாரும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னுட்டுப் போறாங்க. ஒரு சார் கண்ணக்கூடத் தொடச்சிக்கிட்டாரு. உசுரோட இருந்தப்ப அவனுக்கு ஒருத்தரும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. எங்களத் திட்டுற மாதிரி அவனையும் திட்டுங்க. இல்லன்னா அவன் எங்க குரூப்லயே இல்லன்னு ஆயிடும்."

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கடைசி வரிசையில் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஏதோ அலுவலக ஆள் என்று நினைத்திருந்தேன். "அவனோட அப்பா மேம். நான்தான் வரச் சொன்னேன்" என்றாள்.

அவர் எழுந்தார். ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாராம். விரல்கள் கறுத்திருந்தன.

"பாருங்கம்மா. அதுக்குத்தான் பஸ் ஏறி வந்தேன். என்னடா படிக்கற, என்ன வரையறன்னு கேட்டா, ஒனக்குப் புரியாதுப்பான்னுடுவான். அவன் நின்னிருந்தா என்ன கேப்பீங்களோ அதயே கேளுங்க. நான் கேட்டுக்கறேன்."

நான் எழுந்து தாளுக்கு அருகில் போனேன். எங்கேயும் அழுத்தமான கோடு, தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டும். ரயிலடியில் தொடங்கும் மரங்களுக்கு ஒவ்வொரு கிளையாக வரைந்திருந்தான். போகப்போகப் பொறுமை தீர்ந்து, கடைசி மரங்கள் வெறும் வட்டம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சின்னக் குறையைப் பிடித்தேன்.

"வடக்கு எந்தப் பக்கம்னு குறியே போடல."

"வூட்லயும் அப்டித்தாம்மா" என்றார் பின்னாலிருந்து. "எதயும் முழுசா முடிக்கமாட்டான். கொழாயத் தொறந்தா மூடமாட்டான்."

பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டான். சிரித்ததும் அவன் தோள் தளர்ந்தது.

"பெஞ்ச் எல்லாம் மேற்கப் பாத்துப் போட்டிருக்கு. சாயங்காலம் வெயில் நேரா கண்ல அடிக்கும். யார் ஒக்காருவா?"

"அங்க ஒக்காந்தாதான் ட்ரெயின் வர்றது தெரியும்னான் மேம்" என்றான் சிரித்தவன்.

"ட்ரெயின் பாக்கவா காலேஜ் கட்றோம்?"

"அதத்தான் மேம் நாங்களும் கேட்டோம். பின்ன எதுக்குடா மச்சான் கட்றாங்கன்னான்."

இப்போது அறையில் எல்லாருமே சிரித்தார்கள். பேராசிரியரும். நூலகச் சுவருக்கு வந்தேன். இந்தப் பாதை ஏன் இங்கே முட்டி நிற்கிறது என்று கேட்டேன். அது அவன் தப்பில்லை, நூலகத்தைப் பிறகு நாங்கள்தான் நகர்த்தினோம் என்றாள் அந்தப் பெண். அப்படியானால் பாதையையும் திருப்பியிருக்கலாமே?

"அவன கேக்காம எப்டி மேம் மாத்துறது? இருக்கும்போது ஒரு கோட்டத் தொட்டாலே சண்டைக்கு வருவான்."

அடுத்தது தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் எந்தச் சந்து வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் நுழையும் என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனுடைய பாதை வடிகால் வாய்க்காலுக்குக் குறுக்கே கரையாக உயர்ந்து போனது. அடியில் தண்ணீர் போக வழி இல்லை. ஒரு நல்ல மழை பெய்தால் விடுதியின் கீழ்த்தளம் முழுகும். இதை முந்தைய ரிவ்யூவிலேயே அவனிடம் கேட்டிருந்தேன். ஒல்லியாக, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான். "தண்ணி வந்தா கலெக்டர் லீவு வுட்டுடுவாரு மேம்" என்றான். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மறுபடி கேட்டதற்கு, போட்டுடறேன் மேம் என்றான்.

குனிந்து பார்த்தேன். கரை வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் இரண்டு கோடுகளும் ரப்பரால் அழிக்கப்பட்டிருந்தன. அழுத்திப் போட்ட கோடு, முழுதும் போகாமல் தாளில் பள்ளமாகத் தெரிந்தது. அதன் மேல் ஒன்றும் வரையவில்லை.

ஆக, திருத்த ஆரம்பித்திருக்கிறான். என் பேச்சு என் கையை விட்டுப் போனது அங்கேதான் என்று நினைக்கிறேன். முப்பது பிள்ளைகள் இருந்த அறையும், பின்வரிசையில் நின்றவரும் மறந்துபோய், எதிரே மடித்த சட்டைக் கைகளோடு ஒருவன் நிற்கிறான் என்று பேசிக்கொண்டே போனேன்.

"சரியான எடத்துல அழிச்சிருக்க. இங்க ஒரு சிறுபாலம் வை. ஒன்னு பத்தாது, ரெண்டு வை. பாதைய வாய்க்கா ஓரமாவே திருப்பிட்டா லைப்ரரி முன்வாசலுக்குப் போயிடும், சுவத்துல முட்டாது. மரம் எல்லாத்தயும் ஒரே மாதிரி போடு, சோம்பேறித்தனம் பண்ணாத. திருத்திப் போட்டுட்டு அடுத்த ரிவ்யூவுக்குக் கொண்டு வா."

எல்லாப் பிள்ளைகளிடமும் கடைசியாகச் சொல்கிற வாக்கியம் அது. வாய்க்குப் பழகியது. சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லிடறேம்மா" என்றார் அவன் அப்பா.

உட்கார வேண்டும் என்று தோன்றியது. நாற்காலி எங்கே என்று தெரியவில்லை. பேராசிரியர் இழுத்துப் போட்டார்.

அடுத்த குழு வாசலில் சுருட்டிய தாள்களோடு காத்திருந்தது. பையன்கள் பின்களைப் பிடுங்கத் தொடங்கினார்கள். பென்சில் தாளை மட்டும் அவரே கழற்றினார். நான்கு மூலையிலும் பின்னைச் சுற்றிச் சுற்றி மெதுவாக எடுத்தார். இதைச் சுருட்டி எடுத்துப் போகலாமா, சுருட்டினால் கோடு கலையுமா என்று என்னைக் கேட்டார்.

கலையாது என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவரிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"பென்சில் இல்லியா. கொஞ்சம் கலையும்" என்றேன்.

அவர் சுருட்டவில்லை. இரண்டு பையன்களும் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ள, மற்ற இரண்டு மூலைகளையும் அவர் பிடித்துக்கொண்டு, தாள் மடங்காமல் தாழ்வாரத்தில் இறங்கினார். காற்று வந்தபோது மூவரும் நின்றார்கள். அது அடங்கியதும் பஸ் நிறுத்தம் பக்கமாக நடந்தார்கள்.