எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்ன உம்மா

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கண்டியில் நான் வேலை செய்யும் காது பரிசோதனை நிலையத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். கெலிஓயாவில் மா அரைக்கும் மில் வைத்திருப்பவர். கூடவே மகன் ரிஸ்வான், மகள் ஸரீனா.

2. "வாப்பாட காதுல ஒண்டும் இல்ல மிஸ். மண்டையில தான் ஏதோ கொழப்பம்" என்றார் ரிஸ்வான். டொக்டர்தான் எதற்கும் காதையும் பார்க்கச் சொன்னாராம்.

3. பெரியவருக்கு ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னேன். அவர் அழுத்தவில்லை.

4. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். மிகப் பெரிய சத்தத்துக்கு மட்டும் பட்டனை அழுத்தினார்; மற்ற நேரமெல்லாம் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

5. வெளியே வந்து பிள்ளைகளிடம் கேட்டேன்: "எவ்வளவு காலமாக இவருக்குக் காது கேட்பதில்லை?"

ஸரீனா சிரித்தேவிட்டார். "என்ன மிஸ்? உம்மா மௌத்தாகும் வரைக்கும் வாப்பாக்கு எல்லாம் நல்லா கேட்டிச்சே. அதுக்குப் பொறகு தான் இப்படி. சோறு வேணுமாண்டு கேட்டா, மழை வரும்ண்டு செல்றாரு."

ரிஸ்வான் முடிவே எடுத்துவிட்டிருந்தார். "மில்லப் பூட்டிட்டு கொழும்புக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன் மிஸ். புத்தி தடுமாறின மனிசர தனிய உடலாமா?"

புத்தி தடுமாறியதா? என் கையிலிருந்த காதுப் பரிசோதனை வரைபடம் வேறு கதை சொன்னது. தாய் இறந்த பின்னான ஓரிரு மாதத்தில் அப்படியொரு கோடு இறங்காது. ஆண்டுக்கணக்கில் மெஷின் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்றவர்களுக்கு, மெல்ல... மெல்ல... வருவது அது.

மில்லில் எவருக்கும் தெரிந்திருக்காது என்பது புரிந்தது. அந்த இரைச்சலில் யார் பேசுகிறார்கள்? மிளகாய்ப் பையைக் காட்டுவார்கள், அவர் தலையாட்டுவார். ஆனால் வீட்டில்? பிள்ளைகளுக்குக் கூடவா தெரியாது?

"உம்மா வாப்பாவிடம் எப்படிப் பேசுவார்?" என்று கேட்டேன்.

"உம்மாவா? எல்லாத்தையும் ரெண்டு தரம் செல்லுவாங்க. நாங்க 'ரேடியோ'ண்டு பகிடி பண்ற" என்றார் ஸரீனா. "ரிஸ்வான் நானா வந்து, 'வாப்பா, நாளைக்கு வாறேன்'ண்டு செல்லுவாரு. உடனே உம்மா, 'கேட்டீங்களா, மவன் நாளைக்கு வாறானாம்'ண்டு வாப்பாட முன்னுக்குப் போய் நிண்டு..."

ஸரீனா பாதியிலேயே நிறுத்தி அண்ணனைப் பார்த்தார். ரிஸ்வான் பரிசோதனை அறைப் பக்கம் திரும்பினார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கலியாண வீடுகளில் ஆண்கள் பக்கத்து வாசலில் உம்மா வந்து நிற்பாராம். 'புருசன உட்டு ஒரு நிமிசம் இரிக்க ஏலாதா?' என்று உறவுக்காரப் பெண்கள் நையாண்டி செய்வார்களாம். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பாராம்; இடத்தை விட்டு நகரமாட்டாராம்.

"எனக்குப் பிள்ள கெடச்ச நேரம் கூட எங்கட ஊட்டுல உம்மா ஒரு ராவு தங்கல்ல மிஸ்" என்றார் ஸரீனா. "எவ்வளவு கோவப்பட்டேன் தெரியுமா? உம்மாக்கு வாப்பா மட்டும் தான்ண்டு ஏசினேன். அதுக்கும் சிரிச்சாங்க."

உள்ளே போய், பெரியவருக்கு நேரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெதுவாக, உதடுகள் தெரியக் கேட்டேன். புரியவில்லை. தாளில் எழுதிக் காட்டினேன்: 'உங்களுக்குக் கேட்பதில்லை என்று மனைவியிடம் எப்போது சொன்னீர்கள்?'

கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார்.

"நான் செல்லவும் இல்ல. அவ கேக்கவும் இல்ல. ஒரு நாள் முன்னுக்கு வந்து நிண்டு பேசத் தொடங்கினா. அதுக்குப் பொறகு பின்னுக்கு நிண்டு பேசவே இல்ல."

கணவனின் மானத்தைக் கணவனிடமிருந்தே காப்பாற்றிய பெண்ணைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு, அத்தனை நீண்ட வாழ்க்கையிலும் ஒரு வீட்டுக்குள் நேரடி ஒலிபரப்பு நடத்தியிருக்கிறார் — கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கே தெரியாமல்! நான் பொருத்தும் கருவிகளுக்கு பற்றரி தீரும். உத்தரவாதக் காலம் முடியும். அவருக்கு?

அடுத்த வாரம் கருவி பொருத்தினோம். "வாப்பா" என்று ரிஸ்வான் பின்னால் நின்று கூப்பிட்டார். பெரியவர் திரும்பினார். மகன் முகத்தை மூடிக்கொண்டார்.

ஸரீனாவுக்கு ஓர் ஆசை. தொலைபேசியில் உம்மாவின் வொய்ஸ் மெசேஜ் ஒன்று இருந்தது. 'மகள், சாப்பிட்டியா? வாப்பா கேக்கச் சென்னாரு.' அதைப் போட்டுக் காட்டினார்.

பெரியவர் கவனமாகக் கேட்டார். "யாரு இது?"

"வாப்பா! எங்கட உம்மா!"

இன்னொரு தடவை கேட்டார். தலையை ஆட்டினார். "இது யாரோ வயசான பொம்பள. அவட குரல் இப்படி இல்ல. சின்னக் குரல், மகள்."

அவர் கடைசியாகக் கேட்டபோது அந்தக் குரலுக்கு என்ன வயதோ, அந்த வயதிலேயே அது அவரிடம் இருந்திருக்கிறது. உதடுகளைப் பார்த்துப் பார்த்து, அந்தக் குரலைத்தான் இத்தனை காலமும் கேட்டிருக்கிறார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

இன்றைய நிலவரம்: மில் திறந்திருக்கிறது. பெரியவர் கெலிஓயாவிலேயே இருக்கிறார். பிள்ளைகள் அவருக்கு முன்னால் வந்து நின்று பேசப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வொய்ஸ் மெசேஜை அவர் மறுபடி கேட்கவில்லை, தேவையில்லையாம்.