மாடி வீட்டு எலிகள்

எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்த மாமா எலி வளர்க்கிறார் என்பது அவருக்கும் அத்தைக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். சிவகாசியில் அதைவிடப் பெரிய ரகசியம் இருக்க முடியாது. காலண்டரும் டைரியும் அச்சடித்து அடுக்கி வைத்துப் பிழைக்கிற ஊர் அது. எலியைப் பிடிப்பவருக்குக் கூலி கொடுப்பார்களே தவிர, விலைக்கு எலி வாங்கி வந்து வெள்ளரிக்காய் நறுக்கிப் போடுகிற மனிதரை யாரும் சும்மா விடமாட்டார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் பின்பக்கத்துக் கொட்டகை நிறையக் காலண்டர் கட்டுகளை வைத்திருந்தார். என் அப்பாவுக்கு ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் வேலை. அங்கே எலிப்பொறி வைப்பதும் அவர் பொறுப்புதான். அவர் தலைக்கு மேலேயே எலிகள் சௌகரியமாக வாழ்ந்துகொண்டிருந்தன.

மாமா உறவு இல்லை. மாடியில் குடியிருந்ததால் மாமா. ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டினார். காலையில் சுற்றுப்பட்டி ஊர்களில் ஆட்களை ஏற்றி நாரணாபுரத்தில் இறக்குவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். அவருக்கும் அத்தைக்கும் பிள்ளைகள் இல்லை. ஒரு முறை விருதுநகரில் மீன்தொட்டி விற்கிற கடைக்குப் போனவர், அங்கே வெள்ளை எலிகளைப் பெரிய மீனுக்கு இரையாக விற்பதைப் பார்த்து மனசு கேட்காமல் ஒரு ஜோடியை வாங்கி வந்துவிட்டார். இரண்டும் ஆண் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னாராம். கொஞ்ச நாளிலேயே அதில் ஒன்று வயிறு பெருத்து, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ரோஸ் நிறத்தில் குட்டிகளைப் போட்டது. மாமா ஆண் எலியைத் தனி டப்பாவில் பிரித்து வைத்தார். மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த கூண்டைத் துண்டால் மூடி, எனக்கு மட்டும் துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்க அனுமதி கொடுத்தார்.

“தொட்டுறாத பாப்பா. சத்தமும் போடாத. பயந்துச்சுன்னா, தண்ணி இல்லாமப் போச்சுன்னா, தாயே குட்டியத் தின்னுரும்.”

இதை அவர் என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன்.

குட்டிகள் கண்திறக்காத அந்த வாரத்தில்தான் விபத்து நடந்தது. வகுப்பில் இருந்தபோது சத்தம் கேட்டது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அப்படிச் சத்தம் கேட்டால் யாரும் கத்தமாட்டார்கள். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்ப் புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்ப்பார். கம்பெனிக்குப் போகிற அம்மா அப்பா உள்ள பிள்ளைகள் டீச்சர் முகத்தைப் பார்ப்பார்கள். என் வீட்டில் யாரும் கம்பெனிக்குப் போகவில்லை என்பதால், நான் அன்று நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அப்பா சொன்னபிறகுதான் தெரிந்தது. கம்பெனியில் ஒரு அறை வெடித்ததும் வேனை நிறுத்திவிட்டு ஆட்களை இழுக்க ஓடியிருக்கிறார் மாமா. பக்கத்து அறையும் வெடித்துவிட்டது. அவரை மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அத்தை கூடவே போய்விட்டாள். என் அம்மா சிவகாசி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று வீட்டுக்கே வரவில்லை.

மறுநாள் லீவு. காலையில் பல் விளக்கிக்கொண்டே மாடிப்படியைப் பார்த்தேன். கதவில் பூட்டுத் தொங்கியது. அப்போதுதான் எனக்கு எலிகள் ஞாபகம் வந்தன.

மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெயில் ஏற ஏற அங்கே எப்படிக் காயும் என்று எனக்குத் தெரியும். கூண்டில் தலைகீழாகக் கட்டிய தண்ணீர்ப் பாட்டில் இந்நேரம் வற்றியிருக்கும். தாய் எலி என்ன செய்துகொண்டிருக்கும்? கதவில் காதை வைத்துக் கேட்டேன். பிறாண்டுகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய்க் கதவிடுக்கில் ஊற்றினேன். அது உள்ளே போகாமல் என் காலை நனைத்துக்கொண்டு படியிறங்கியது. இன்னொரு டம்ளர் கொண்டுவந்து ஊற்றினேன். அதுவும் திரும்பி வந்தது.

அப்பாவிடம் சொல்லலாம். ஆனால் அப்பாதான் ஊரிலேயே பெரிய எலி எதிரி. வீட்டுக்காரரிடம் சொன்னால் சாவியோடு எலி மருந்தையும் எடுத்து வருவார். சோறு இறங்கவில்லை. அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சத்தம் கேட்டுப் பயந்திருக்கிறாள் என்று தானே முடிவு செய்துகொண்டார்.

அம்மா வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வெள்ளைச் சேலை கசங்கி, முகம் கறுத்துப்போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள்மேல் மருந்து வாசனையோடு வேறொரு வாசனையும் இருந்தது. என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“அம்மா, மாடி வீட்டு எலிக்குத் தண்ணி இல்லம்மா. குட்டி போட்டிருக்கும்மா. தாயே தின்னுரும்மா” என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எரிச்சல்தான் வந்தது. “மனுசன் வெந்து கெடக்கான். இப்ப எலிக்கு என்னட்டி?”

அம்மா அவரைக் கையமர்த்தினாள். “அவுகளும் அதத்தான் சொன்னாக.”

“யாரு?”

“மதுரைக்கு ஏத்துறதுக்கு முன்னாடி எங்கிட்டத்தான இருந்தாக. ‘சிஸ்டர், வீட்ல எலி இருக்கு, தண்ணி வைக்கச் சொல்லுங்க’ன்னாக. நான், நெனவு தப்பிப் பேசுறாகன்னு நெனச்சேன்.”

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எலியைப் பற்றிப் பேசுகிறார் என்றால் மாமா நன்றாகத்தான் இருக்கிறார். அதை அம்மாவிடமும் சொன்னேன். அம்மா எழுந்தாள். உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

மாற்றுச் சாவி வீட்டுக்காரரிடம் இருந்தது. எலி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு மூச்சு வாங்கியது. “என்ன சிஸ்டர் சொல்றீக? எலியா? என் வீட்லயா? பின்னாடி அம்புட்டும் ஆர்டர் சரக்கு! ஒண்ணு வெளிய வந்தாப் போதுமே!”

“கூண்டுல இருக்கு அண்ணாச்சி. நான் எறக்கி எங்க வீட்ல வச்சுக்கிடுறேன்.”

“நீங்க படிச்சவுக. நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?”

“அவுகளுக்கு நான் சொல்லிட்டேன் அண்ணாச்சி, பாத்துக்கிடுறேன்னு.”

அவர் கெட்டவர் இல்லை. அம்மாவின் சேலையில் இருந்த கறைகளைப் பார்த்தார். சாவியை நீட்டிவிட்டு, இடம் பார்க்கிறவரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சீக்கிரம் பாருங்கள் என்றார்.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. அம்மா துண்டை விலக்கினாள். தாய் எலி கூண்டின் மூலையில், நாள்காட்டித் தாள்களைக் கிழித்து மெத்தை மாதிரிச் சேர்த்து, அதன்மேல் படுத்திருந்தது. தாள்களில் நல்ல நேரமும் ராகு காலமும் துண்டு துண்டாகத் தெரிந்தன. அதன் விலா வேகமாக ஏறி இறங்கியது. ஓடக்கூட முயலவில்லை. தனி டப்பாவில் இருந்த ஆண் எலி மூக்கை ஓட்டையில் வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அம்மா கைப்பையிலிருந்து ஊசி மாட்டாத சிரிஞ்சை எடுத்துத் தண்ணீரை உறிஞ்சி, கம்பிக்குள் நீட்டினாள். தாய் எலி முதலில் முகத்தைத் திருப்பியது. ஒரு சொட்டு அதன் மீசையில் விழுந்தது. பிறகு இரண்டு முன்னங்கால்களாலும் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு குடித்தது. குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது.

எலி நகர்ந்ததும் கீழே குட்டிகள் தெரிந்தன. நான் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தேன். முன்பு பார்த்ததைவிடக் குறைவாகப் பட்டது.

“எண்ணாதட்டி” என்றாள் அம்மா. குரல் என்னை அதட்டுவது போல இருந்தது. “இருக்கறதப் பாரு.”

கூண்டும் டப்பாவும் எங்கள் சமையலறை மேடைக்கடியில் வந்து உட்கார்ந்தன. கூண்டின் கொக்கியை அப்பா போகும்போதும் வரும்போதும் அழுத்திப் பார்த்தார். ஆனால் அடுத்த நாள் வேலைவிட்டு வரும்போது கட்டிங் மெஷினில் விழுந்த காகிதக் கழிவை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். எப்படியும் கீழேதான் போடப்போகிறார்கள் என்று கேட்காமலே விளக்கம் சொன்னார்.

எனக்கு அடுத்த கவலை தொடங்கியது. வீட்டுக்காரர் தினமும் வாசலில் நின்று “இடம் பாத்தாச்சா சிஸ்டர்?” என்று கேட்டார். வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னபோது நான் போட்ட கூச்சலில் எலிகளே பயந்து மெத்தைக்குள் புகுந்தன. அங்கே மீனுக்குப் போடுவார்கள். அம்மாவோடு வேலை பார்த்த ஒருவர் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பிறகு மாமியாருக்குப் பயந்து பின்வாங்கிவிட்டார். அம்மா தினமும் சாயங்காலம் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் அத்தையிடம் பேசுவாள். திரும்பி வரும்போது மாமா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்பேன். “இருக்காக” என்பாள். மாமா வருகிறவரை எலிகளைக் காப்பாற்றிவிட்டால் போதும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். குட்டிகளுக்கு ரோமம் முளைத்து, கண் திறந்தது. மாமா அதைப் பார்க்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அம்மா கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்தாள். அப்பாவும் அவளும் வாசலில் நின்று ஏதோ பேசினார்கள். உள்ளே வந்த அம்மா, “இன்னைக்கு ஸ்கூலுக்குப் போக வேண்டாம். எலிக்கு இடம் கெடச்சிருச்சு. கெளம்பு” என்றாள். எலிகளுக்காக எனக்கு லீவு! அம்மாவும் டியூட்டிக்குப் போகவில்லை.

கூண்டையும் டப்பாவையும் கட்டைப்பையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு, ஆமத்தூருக்கு பஸ் ஏறினோம். பையை மடியில் வைத்துக்கொண்டு அதற்குள் நடக்கிற ஒவ்வொரு சரசரப்புக்கும் நான் இருமினேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே பையைப் பார்த்தார்.

“உள்ள என்ன பாப்பா, கோழிக்குஞ்சா?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆமா” என்று சொல்லிவிட்டு, அது கீச்சென்று கத்த வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

இடம் கொடுத்தது அம்மாவுடன் கோயிலில் பாட்டுப் பாடுகிற ஒரு டீச்சர். டீச்சர் என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அறிவியல் புத்தகத்தில் எலியை மல்லாக்கப் படுக்கவைத்துப் பிளந்த படம் ஒன்று உண்டு. வாசலிலேயே கேட்டுவிட்டேன். “டீச்சர், இத அறுப்பீகளா?”

“நான் தமிழ் டீச்சர்மா. எனக்கு வார்த்தையப் பிரிக்கத்தான் தெரியும்” என்று சிரித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அவர் வீட்டுப் பின்பக்கம், வேப்பமரத்து நிழலில் கோழிக்கூடு ஒன்று காலியாக இருந்தது. அதற்குப் புதிதாக நெருக்கமான வலை அடித்து வைத்திருந்தார். எலிகள் உள்ளே போனதும் ஒவ்வொரு மூலையாக மோந்து பார்த்தன. எனக்கு ஒரே ஒரு கவலைதான் மிச்சம். அம்மாவின் சேலையை இழுத்துக் காதில் சொன்னேன். அம்மா அதை டீச்சரிடம் அப்படியே சொன்னாள்.

“வேற யாருக்கும் குடுத்துறாதீக டீச்சர். அவுக வந்து கேட்டா, திருப்பிக் குடுத்துரணும்.”

“கண்டிப்பா சிஸ்டர். எப்ப வந்தாலும் வாங்கிக்கிடட்டும். குட்டியோட குடுக்கிறேன்.”

“தண்ணி மட்டும் பாத்துக்கங்க.”

“பாத்துக்கிடுறேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கூட்டைப் பார்த்தே இதைப் பேசினார்கள். மாமா அன்று விடியற்காலையிலேயே இறந்துபோயிருந்தார். மதுரையிலிருந்து நேராக அவருடைய சொந்த ஊருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். இது டீச்சருக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற நானோ, வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது என்ற நிறைவில், டீச்சர் கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தேன்.

திரும்பும்போது அம்மா முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். களைப்பில் தூங்குகிறாள் என்று நினைத்து, சிவகாசி வரும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பஸ் நின்று எல்லோரும் இறங்கினார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. “அம்மா, ஊர் வந்துருச்சு” என்று தோளைத் தொட்டு எழுப்பினேன். அவள் தலையை நிமிர்த்தினாள். கண் திறந்தேதான் இருந்தது; அவள் தூங்கவே இல்லை.