எதிர்ப்பக்கம் சாய்ந்த தண்டு

வச்சலாவுக்கு எந்த வேலைக்கும் இடது கைதான் முந்தும். கடலோரக் குப்பத்தில் பிறந்து, மாமல்லபுரத்துத் தெருக்களில் மீன் விற்றுப் பிழைக்கிறவளுக்குப் போய் இது வாய்த்ததே, என்னத்தைச் சொல்ல? "பீச்சாங்கையால தொட்ட மீன எவ வாங்குவா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். திட்டு வாங்கி வாங்கியே வலது கைக்குப் பழகினாள். மீன் நிறுக்க, காசு வாங்க, நாலு பேர் நடுவில் சாப்பிட, எல்லாவற்றுக்கும் வலதுதான். இடது கை முந்தானைக்குள் கிடக்கும்.

தொண்ணூற்றெட்டில், மகள் அனு படித்த பள்ளியின் தையல் டீச்சர் ஷபானா, சனிக்கிழமைகளில் தாய்மாருக்குப் பூத்தையல் சொல்லிக்கொடுத்தார். முதல் பாடம் காம்புத் தையல். பூவின் தண்டுக்குப் போடுவது அது. முறுக்கின கயிறு மாதிரி ஒவ்வொரு இழையும் முந்தினதை ஒட்டிச் சாய்ந்து ஏறும். ஆசையில் வச்சலா தன்னை மறந்து ஊசியை இடது கையில் எடுத்துவிட்டாள்.

"இன்னாக்கா, அந்தக் கையிலயா?" என்றாள் பக்கத்திலிருந்த லதா. அவ்வளவுதான், சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் அலமாரியில் நூல் தேடிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. வச்சலா சட்டென்று வலது கைக்கு மாற்றினாள், நூல் சிக்கிக்கொண்டது. அடுத்த வாரம் அவள் போகவில்லை.

ஆனால் ஆசை விடுமா? டீச்சர் கொடுத்த மாதிரித் துணியை, கதவைச் சாத்திக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடிக்கு நேரே பிடித்தாள். கண்ணாடிக்குள் தையல் திசை மாறித் தெரிந்தது. அதுதான் அவள் கைக்கு ஏற்ற திசை. அதைப் பார்த்துப் பார்த்தே போட்டுப் பழகினாள், அழகாக வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அனு மட்டும்தான்.

அந்தச் சந்தோஷம்தான் கெடுத்தது. அனு பள்ளிக்குப் பூ போட்டுத் தரவேண்டிய கைக்குட்டையை, "நீ போய்ப் படி, நா போட்டுத் தரேன்" என்று பிடுங்கித் தானே போட்டுக் கொடுத்தாள். அது அழகாக அமைந்து தொலைத்தது. செங்கல்பட்டில் நடந்த கண்காட்சிக்கு அதை எடுத்துவிட்டார்கள். தாய்மாரும் ஒன்றாகக் கிளம்பிப் போனார்கள்.

அங்கே கைக்குட்டையை உற்றுப் பார்த்த ஷபானா டீச்சர், "இழையெல்லாம் எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்கே, எப்படிப் போட்ட? எல்லாரும் பாக்கட்டும், ஒரு தண்டு போட்டுக் காட்டு" என்று அனுவிடம் ஊசியை நீட்டினார்.

அனு வலது கைக்காரி. கூட்டத்தில் நின்ற அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஊசியை இடது கையில் வாங்கினாள்.

'நான்தான் போட்டேன்' என்று வச்சலா சொன்னால் போதும், பிள்ளை தப்பித்துவிடும். ஆனால் பக்கத்தில் லதா நின்றாள். சுற்றிலும் வச்சலாவிடம் மீன் வாங்குகிறவர்கள். ஊசி அனுவின் விரலில் ஏறித் துணியில் ரத்தம் பட்டது.

"இன்னாடி இது, பீச்சாங்கையால?" என்றாள் லதா. எல்லாரும் சிரித்தார்கள்.

"நீதான் போட்டியா?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர்."

"பொய் வேற சொல்றியா?" கைக்குட்டையை எடுத்து மேசைக்கு அடியில் போட்டுவிட்டார். வச்சலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை, பாவி.

திரும்பும் பஸ்ஸில், "ஏன்டி அந்தக் கையில வாங்குன?" என்று மெல்லக் கேட்டாள்.

"நீ போட்டதுன்னு தெரிஞ்சா உன்னியப் பாத்து சிரிப்பாங்கம்மா. அதான்."

வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளையின் குத்துப்பட்ட விரலைத் தன் வலது கைக்குள் பொத்திக்கொண்டாள். கண்டக்டர் வந்தபோது இடது கைதான் காலியாக இருந்தது. அதிலேயே காசை நீட்டினாள்.

"சோத்துக்கையால குடும்மா."

"எனக்கு இந்தக் கைதான் கை. வாங்கிக்க."

கண்டக்டர் வாங்கிக்கொண்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். இவ்வளவுதானா? இதைக் கண்காட்சியில் சொல்ல முடியாமல் போயிற்றே என்று, வீடு வரும்வரை வச்சலா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.