வாளி கவிழும் பக்கம்

தம்பி ஒரு பொருளை வரையத் தொடங்கினால், வீட்டில் அந்தப் பொருளுக்கு வேலை நின்றுவிடும். துடைப்பத்தை வரைந்த நாட்களில் அது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, அக்கா பழைய துணியை வைத்து வீட்டைக் கூட்டினாள். இடுக்கியை வரைந்தபோது சூடான பாத்திரங்களை எல்லாரும் முந்தானையாலும் துண்டாலும் பிடித்து இறக்கினார்கள். வேலை செய்கிறவன் முகத்தில் வேர்வைதான் தெரியும், சும்மா உட்கார வைத்தால்தான் அவன் யார் என்று தெரியும் என்பது தம்பியின் கட்சி.

ஒருநாள் காலை, பேருந்து ஓட்டப் புறப்பட்ட அக்காவின் கணவர் வாசலில் நின்று செருப்பைத் தேடினார். அது அலமாரி மேல் பஞ்சு மெத்தையில் ஒய்யாரமாகப் படுத்திருந்தது.

"மாப்பிள்ளை, என் செருப்பு போஸ் குடுக்குது. நான் வெறுங்காலோட பஸ் ஓட்டணுமா?"

"ஒத்தைச் செருப்புதானே மாமா எடுத்தேன். இன்னொண்ணு உங்களுக்குத்தான்."

மாமா சிரித்தாலும், மனைவியிடம் திரும்பி, உன் தம்பி கையில் நான் சிக்காமல் இருக்க வேண்டும், என்னையும் லீவு போடச் சொல்லி மெத்தையில் உட்கார வைத்துவிடுவான் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

தம்பிக்குப் பிழைப்பு பாத்திரக் கடையில். பகலெல்லாம் குடம், மூடி, கரண்டி என்று எடுத்துக் காட்டி, துடைத்து, திரும்ப அடுக்குவான். வார விடுமுறையில் முன்னறைத் தரையில் குப்புறப் படுத்துச் சின்னப் பிள்ளைகளுக்கான படக்கதை வரைவான். மூன்று வயதுப் பிள்ளைக்கு மேசையின் மேற்புறம் தெரியாது, அடிப்புறம்தான் தெரியும் என்பான். அதனால் அவன் வரைந்த மேசைகளில் எல்லாம் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும், சிலந்தி தொங்கும், யாரோ ஒட்டிவைத்த மிட்டாய்க் காகிதம்கூட இருக்கும். பெரியவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். பிள்ளைகள், "இது எங்க வீட்டு மேசை" என்பார்கள்.

அக்கா சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் பகுதியில் இருந்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றாலும், அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கோணல் காலர் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. தம்பியின் மாதிரிப் புத்தகங்களுக்குத் தையல் அவள்தான். தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, மடிப்பில் மூன்று துளை போட்டு, நடுத்துளையில் ஊசியை இறக்கி மேலும் கீழும் போய்த் திரும்ப நடுவிலேயே முடிச்சுப் போடுவாள். பிள்ளைகள் எவ்வளவு இழுத்தாலும் வராது. என் தம்பி புத்தகம் போடுகிறான் என்று கம்பெனியில் அவள் சொல்லாத ஆள் இல்லை. எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஏனென்றால் கடைக்கு எதுவும் வரவில்லை. துடைப்பம், இடுக்கி, செருப்பு, கதவுக் கொக்கி எல்லாம் பதிப்பகங்களுக்குப் போய், போன வேகத்தில் திரும்பின. ஒருவர் அவனுடைய வாளிக் கதையைப் பார்த்துவிட்டு, அவனை எதிரே உட்கார வைத்து, தம்பி, இதில் பிள்ளைகளுக்கு என்ன நீதி என்று கேட்டாராம். வாளி சாய்ந்தால் தண்ணீர் சிந்தும், அதுதான் நீதி என்றானாம் இவன். அவர் தண்ணீர் குடிக்கக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு பதிப்பாளர் கிடைத்தார். வாளிக் கதையை எடுத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை: பல மழலைப் பள்ளிகளுக்குச் சேர்த்துப் புத்தகம் வாங்கும் அம்மாள் ஒருவருக்கு இது பிடிக்க வேண்டும். பிடித்தால் மற்ற புத்தகங்களும் வரும். பிடிக்காவிட்டால் இதுவே முதலும் கடைசியும். தம்பிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இதை விட்டால் வேறு கதவு இல்லை என்பது அவனுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

வாளிக் கதை இதுதான். மீசை வைத்த ஒரு வாளி. நிறையத் தண்ணீரோடு நடந்து போகிறது. "நான் ரொம்ப ஜாக்கிரதை, ஒரு சொட்டுக்கூடச் சிந்த மாட்டேன்" என்று வழியில் பார்க்கிற கால்மிதியிடமும் பூனையிடமும் பீற்றிக்கொள்கிறது. அடுத்த பக்கம் வாளியின் படம் தலைகீழாக இருக்கும், எழுத்து எதுவும் இருக்காது. படத்தைப் பார்க்கப் பிள்ளை என்ன செய்யும்? புத்தகத்தைக் கையால் திருப்பிப் பிடிக்கும். பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினால் பக்கம் முழுக்கத் தண்ணீர். நடுவில் ஈர மீசையோடு வாளி: "யார் கொட்டினது? நீதான்! நீதானே என்னைக் கவிழ்த்தே!"

தெருமுனை மழலைப் பள்ளியில் அக்கா தைத்த மாதிரிப் புத்தகத்தை அவன் கொடுத்துப் பார்த்தபோது, அந்த இடத்தில் பிள்ளைகள் அடித்த கூத்து கொஞ்சமல்ல. திருப்பினவன் திகைத்துத் தன் கையைப் பார்ப்பான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அடுத்தவன் புத்தகத்தைப் பிடுங்கித் தானும் கொட்டுவான். அது பல் தெரிகிற சிரிப்பு இல்லை, வயிற்றுச் சிரிப்பு. தம்பி இத்தனை வருஷமாகத் தேடியது அதைத்தான். அங்கே அவனுக்கு வாளி மாமா என்றே பெயர் விழுந்துவிட்டது.

அச்சுக்கு முன்னால் சரிபார்க்கத் தாள்கள் வந்தன. தனித்தனித் தாள்கள், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டவை. தம்பியும் அக்காவும் தரையில் பரப்பி நிறம், எழுத்து, மீசையின் முனை வரைக்கும் பார்த்தார்கள். தனித்தாளுக்கு மேல் எது, கீழ் எது? எப்படி வைத்தாலும் அது நேர்தான். எல்லாம் சரி என்று தம்பி கையெழுத்துப் போட்டான்.

புத்தகக் கட்டு அச்சகத்திலிருந்து நேராக அந்தத் தெருமுனை மழலைப் பள்ளிக்கே வந்தது. வாங்கும் அம்மாள் அன்று காலை அங்கே வருவதாக இருந்தார். அக்கா கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட உடையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளுக்கான நாற்காலியில் முழங்கால் மார்பை இடித்தது. அட்டை பளபளவென்றிருந்தது. அதற்குமேல் பார்க்க நேரமில்லை. புத்தகத்தை டீச்சர் பிரித்து, முன்வரிசையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு சிறுமியின் மடியில் வைத்தார்.

தம்பி பக்கத்தில் மண்டியிட்டுப் படித்தான். கால்மிதியிடம் வாளி பீற்றியது, பிள்ளைகள் சிரித்தார்கள். பூனையிடம் பீற்றியது, இன்னும் சிரித்தார்கள். சிறுமி தாளைப் புரட்டினாள்.

வாளி நேராக நின்றது.

தம்பியின் குரல் நின்றது. அக்காவுக்குப் பின்வரிசையிலிருந்து படம் தெரியவில்லை, அவன் பிடரி மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பிடரி சிவந்ததைப் பார்த்தே ஏதோ தவறிவிட்டது என்று புரிந்தது. அவன் கை நீட்டுவதற்குள் சிறுமி அடுத்த தாளையும் புரட்டிவிட்டாள். தண்ணீர். கதையைக் கேட்டுப் பழகிய மற்ற பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்: "நீதான் கொட்டினே! நீதான்!"

சிறுமி சுற்றிப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"நான் கொட்டல."

தம்பி அவசரமாகப் புத்தகத்தை வாங்கி, முந்தின பக்கத்துக்குப் போய்த் தலைகீழாகப் பிடித்துக் காட்டினான். இப்போது வாளி தலைகீழானது. ஆனால் அதைக் கவிழ்த்தது அவன் கை, அவள் கை இல்லை. சிறுமி தேம்பித் தேம்பி அழத் தொடங்கியிருந்தாள். டீச்சர் தூக்கிக்கொண்டு வெளியே போன பிறகும் "நான் கொட்டல" என்பது நடையில் கேட்டுக்கொண்டிருந்தது.

வாங்கும் அம்மாள் நல்லவர். படமெல்லாம் அழகு என்றார். பிறகு தயங்கி, "செய்யாத தப்புக்குக் குழந்தைய மாட்டிவிடுற மாதிரி இருக்குங்க" என்றார். தம்பி விளக்க வாயெடுத்தான். கையில் இருந்த புத்தகம் அவர் சொன்னதைத்தான் சொன்னது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே உடைந்த சத்தம்கூட இல்லை.

மறுநாள் அக்காதான் அவனை அச்சகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். யாரையாவது நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் வார்த்தை சேர்த்துக்கொண்டாள். பக்கங்களை அடுக்குகிறவர் நரைத்த தலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. வாளிப் புத்தகம் என்றதுமே அவர் முகம் மலர்ந்தது.

"உங்க புத்தகமா தம்பி? ஒரு பக்கம் தலைகீழா வந்திருந்துச்சு. நல்லவேளை என் கண்ணுல பட்டுது, இல்லன்னா மொத்தமும் வீண். வெளியில சொன்னா உங்களுக்குத்தான் திட்டு விழும்னு, நானே சத்தமில்லாம திருப்பிட்டேன்."

கோணல் காலரைக் கண்டால் அக்காவும் இதைத்தான் செய்திருப்பாள். தம்பி அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நன்றிங்க என்றான்.

அந்தப் பக்கம் தலைகீழாகவே வர வேண்டும் என்று இவன் வாய்மொழியாகச் சொன்னதை அச்சகத்துக்குச் சொல்லப் பதிப்பாளர் மறந்திருந்தார். அவரும் வருத்தப்பட்டார். திரும்ப அச்சடிக்க வழியில்லை, பள்ளிகள் வேண்டாம் என்றுவிட்டபின் மற்றவற்றை எடுக்கவும் வழியில்லை என்றார். படம் அழகாக இருப்பதால் இருக்கிறதை அப்படியே கடைகளுக்கு அனுப்பிவிடுவதாகவும், யாரும் கவனிக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

அக்கா விடவில்லை. ஒரு பிரதியின் கம்பிப் பின்னைக் கழற்றி, தாள்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தத் தாளைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டால் என்ன? திருப்பினாள். வாளி தலைகீழானது. பின்பக்கத்துத் தண்ணீரும் தலைகீழானது. மடிப்புக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பக்கங்களும் தலைகுத்தி நின்றன. வெட்டி ஒட்டிப் பார்த்தாள். கை பட்டதும் பிய்ந்து வந்தது. எப்படியும் நடுவில் ஒரு துளை இருக்கும், எங்காவது ஊசியை இறக்கலாம் என்றிருந்தவள், இரவுச் சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துபோனாள்.

தம்பிக்குப் புத்தகம் போனதைவிட அந்தச் சிறுமிதான் கண்ணுக்குள் நின்றாள். பழைய மாதிரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான். அக்காவும் போனாள். இவனைக் கண்டதுமே சிறுமி டீச்சரின் பின்னால் ஒண்டிக்கொண்டாள். அவன் தரையில் உட்கார்ந்து, உன்மேல் தப்பே இல்லை, இது வேறு புத்தகம், ஒரே ஒருதடவை நீயே பிடித்துப் பார் என்று நீட்டினான். மற்ற பிள்ளைகள் எனக்கு எனக்கு என்று மேலே விழுந்தார்கள். சிறுமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொடமாட்டேன்."

கை தொடாமல் அந்த வாளி கவிழாது. அவன் சற்று நேரம் நீட்டியபடியே இருந்தான். பிறகு எழுந்து, கடைக்கு நேரமாயிற்று என்றான்.

வழியில் அக்கா, துணி மாட்டும் கிளிப்பை வரையப்போவதாகச் சொன்னாயே என்று கேட்டாள். வீட்டில் இருக்கிற கிளிப் எல்லாவற்றையும் எடுத்துக்கொள், துணி பறந்து போனால் போகட்டும் என்றாள்.

"வேண்டாம்க்கா. சின்னப் பிள்ளைங்களப் பாத்தா இப்ப எனக்குப் பயமா இருக்கு."

பாத்திரக் கடை வாசலில் அக்கா, அவன் உள்ளே போய், துணியை எடுத்து மூடிகளைத் துடைக்கத் தொடங்கும் வரைக்கும் நின்று பார்த்தாள்.

வாளிப் புத்தகம் இப்போது கடைகளில் கிடைக்கிறது. கம்பெனியில் ஒருத்தி தன் மகனுக்கு வாங்கினாளாம், படம் நன்றாக இருக்கிறது, முடிவுதான் புரியவில்லை என்றாள். அக்கா கையிலிருந்த சட்டையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காலரைப் பார்த்தாள். அடுத்து என்ன புத்தகம் என்று கேட்டதற்கு, வரைஞ்சிட்டிருக்கான் என்றாள்.