சம்மட்டி ஓடிய நான்கு கிலோமீட்டர்

சந்தைக் கட்டடத்தின் ஏழாவது கறிக்கடையில் வெட்டுபவனுக்குச் சம்மட்டி என்று பட்டப்பெயர் வைத்தது யாரென்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். எடை குறைகிறது என்று சொன்ன வாடிக்கையாளரின் முன்பல்லைப் பெயர்த்திருக்கிறான். வழிவிடாத லாரி ஓட்டுநரைக் கதவோடு சேர்த்து நசுக்கியிருக்கிறான். மனைவி மேல் ஒரே ஒரு முறை கை வைத்தான். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அவள், துணி வெட்டும் கத்தரிக்கோலை அவன் தொடையில் ஓர் அங்குலத்துக்கு இறக்கினாள். அதன்பிறகு அந்த வீட்டில் சண்டை வாயோடு நின்றுகொண்டது.

அவன் செய்ததிலேயே மோசமானது ஐஸ்காரனுக்குச் செய்தது. கடும் வெயில் காலத்தில் ஒருநாள் ஐஸ் வண்டி வெகுநேரம் கழித்து வந்தது. கொக்கியில் தொங்கிய கறி முழுக்க வாடை அடித்துவிட்டது.

"வண்டி பஞ்சர்ண்ணே, நான் என்ன..." ஐஸ்காரன் சொல்லி முடிக்கவில்லை. சம்மட்டி அவனுடைய வலது கையை இழுத்து வெட்டுக்கட்டையில் அழுத்தி, கத்தியின் முதுகுப் பக்கத்தால் ஓங்கி அடித்தான். இரண்டு அடி. எலும்பு நொறுங்கிய சத்தம் பக்கத்துக் கடைக்குக் கேட்டது. ஐஸ்காரனின் இரண்டு விரல்கள் அதன்பின் மடங்கவே இல்லை.

சம்மட்டிக்கு ஏழு மாதம் சிறை. திரும்பி வரும்போது இருமலோடு வந்தான். ஒரு காலையில் எலும்பைப் பிளக்கக் கத்தியை ஓங்கியவன், அப்படியே குனிந்து கட்டையெல்லாம் ரத்தமாக இருமினான். காசநோய். ஆறு மாதம் மாத்திரை. தொண்ணூறு கிலோ உடம்பு அறுபதுக்கு இறங்கியது. படியேறினால் மூச்சு முட்டியது. முன்பு அவனைக் கண்டு ஒதுங்கியவர்கள் இப்போது நோய்க்குப் பயந்து ஒதுங்கினார்கள்.

மாத்திரை முடிந்த வாரம் நர்ஸ் சொன்னார்: "நுரையீரல் சுருங்கிக் கெடக்கு. தினமும் நடங்க. முடிஞ்சா மெல்ல ஓடுங்க. அடுத்த மாசம் நம்ம ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர் ஓட்டம் நடத்துது, பேரு குடுங்க."

"நான் ஓடுனா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்," என்றாள் கூட வந்திருந்த மனைவி. "இதுவரைக்கும் உங்களால ஊர் அழுததுதான் அதிகம்." பெயரை அவளே எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை, முந்நூறு பேர் கிளம்பினார்கள். முதல் கிலோமீட்டரிலேயே சம்மட்டி கடைசி ஆட்களோடு இருந்தான். இரண்டாவதில் அவர்களும் போய்விட்டார்கள். மார்புக்குள் யாரோ ரம்பம் போடுவதுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். மூன்றாவது கிலோமீட்டரில் சாலை ரயில் பாலத்துக்கு அடியில் இறங்கியது. அங்கே சுவரில் சாய்ந்தபடி ஒருவன் நின்றிருந்தான். சட்டையில் ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்த எண். ஐஸ்காரன்.

"உனக்காகத்தான் நின்னேன்," என்றான்.

சம்மட்டி பதில் சொல்வதற்குள் முதல் அடி மூக்கில் விழுந்தது. பழக்க தோஷத்தில் அவன் கையும் எழுந்தது. குத்து ஐஸ்காரனின் தாடையில் சரியாகத்தான் பட்டது. ஐஸ்காரனின் தலை அசையக்கூட இல்லை. தன் குத்தில் ஒன்றுமே இல்லை என்பதைச் சம்மட்டி அந்த நொடியில் பார்த்தான். வாழ்க்கையில் முதன்முறையாகப் பயந்தான்.

அடுத்த அடியில் கீழே விழுந்தான். ஐஸ்காரன் கண்மண் தெரியாமல் உதைத்தான். விலா, முதுகு, மறுபடி விலா. உள்ளே ஏதோ முறிந்தது கேட்டது. தரையில் துழாவிய கைக்கு ஓர் உடைந்த செங்கல் அகப்பட்டது. முகத்தில் குத்துவதற்காக ஐஸ்காரன் குனிந்தபோது அவனுடைய நெற்றிப்பொட்டு எட்டும் தூரத்தில் இருந்தது. சம்மட்டி செங்கல்லைப் பிடித்திருந்தான். அடிக்கவில்லை.

ஐஸ்காரன் வலது கையால் குத்தினான். குத்தியவனே அலறிக்கொண்டு கையை மார்போடு அணைத்துக்கொண்டான். நீட்டியபடியே நின்றுபோன இரண்டு விரல்களும் பிசகியிருந்தன.

"மடங்க மாட்டேங்குதுடா," என்று அழுதான். "உன்னை அடிக்கக்கூட மடங்க மாட்டேங்குது."

சம்மட்டி புரண்டு ரத்தம் துப்பினான். ஐஸ்காரன் சட்டென்று இரண்டடி பின்னால் போனான்.

"அது நெஞ்சுலேர்ந்து வர்ற ரத்தமா?"

"இல்ல. பல்லு."

"நோய் ஒட்டுமா?"

"மருந்து முடிஞ்சிடுச்சு. ஒட்டாது."

இருவரும் மூச்சு வாங்கினார்கள். மேலே ரயில் ஒன்று போய் முடிந்தது.

"அன்னிக்குப் பஞ்சர்னு சொன்னே," என்றான் சம்மட்டி. "நான் காதுல வாங்கல. செஞ்சது தப்பு."

"இப்பச் சொல்லி என்ன ஆகப்போவுது?"

"ஒண்ணும் ஆகாது."

ஐஸ்காரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேட்டில் ஏறி ஓடிப்போனான். சம்மட்டி சுவரைப் பிடித்து எழுந்தான். இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. திரும்பி நடந்தாலும் அதே தூரத்துக்குக் குறையாது. இடது கையால் விலாவை அமுக்கிக்கொண்டு ஓடினான். நான்கு எட்டு ஓட்டம், பத்து எட்டு நடை. ஒவ்வொரு மூச்சுக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

முடிவுக் கோட்டில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்ததும் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஓடி வந்தார்.

"யாரு அடிச்சது?"

"பாலத்துக்கடியில வழுக்கி விழுந்துட்டேன் சார்."

மனைவி அவன் பின்னால் போய் நின்று பார்த்தாள். போலீஸ்காரர் நகரும்வரை வாயைத் திறக்கவில்லை.

"வழுக்கி விழுந்தவர் முதுகுல செருப்புத் தடம் எப்படிங்க வந்துச்சு?"

அடித்தது யாரென்று அவன் சொன்னான். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். பிறகு கேட்டாள்:

"இத்தோடயா விட்டுட்டான்?"

விலாவில் இரண்டு எலும்பு விரிசல். ஐஸ்காரன் மேல் புகார் எதுவும் போகவில்லை. இருவரும் அதன்பின் பேசிக்கொண்டதும் இல்லை. சந்தையில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். எலும்பு கூடும்வரை இருமக்கூடாது, தும்மக்கூடாது, சிரிக்கக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த ஆறு வாரமும் மனைவி தையல் மெஷினை மிதித்தபடி, கறிக்கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரையும் போலப் பேசிக் காட்டினாள். சம்மட்டி விலாவைப் பிடித்துக்கொண்டு, போதும்டி, போதும்டி என்று கெஞ்சினான். அவள் நிறுத்தவில்லை.