வசந்தி நிறுத்திவைத்த கோப்பு

கொழும்பிலிருந்து நான் திரும்பிய பஸ் கொடிகாமத்தில் நின்றபோது வசந்தியின் தம்பி போனில் அழைத்தான். "அண்ணை, அக்கா போட்டா." டெங்குக் காய்ச்சல் வசந்தியைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு முதல் நாள்தான், "காய்ச்சல் விட்டிட்டுது, திங்கட்கிழமை வாறன்" என்று எனக்குச் சொல்லியிருந்தார். அவரோடு படித்தவர்களுக்கும் வேலை செய்தவர்களுக்குமாக இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், வசந்தியும் நானும் இருந்த எங்கள் சிறிய அலுவலகம் செய்யும் வேலை உங்களில் சிலருக்குத் தெரியும். நோயாளிக்கு மருந்தேற்றும் கருவியின் நிரலைப் பலர் துண்டு துண்டாக எழுதுவார்கள். அவற்றை ஒன்றாக இணைக்கும் லிங்கர் என்ற மென்பொருள் எங்கள் பொறுப்பு. ஒவ்வொரு கோப்பிலும் அது எந்த வகைப் புரொசெசருக்கு ஏற்றது, தசமக் கணக்கை எப்படிச் செய்கிறது என்ற குறிப்பு இருக்கும். குறிப்புகள் முரண்பட்டால் லிங்கர் இணைக்க மறுத்துவிடும். குறிப்பே இல்லாத பழைய கோப்பு வந்தால், மற்றவற்றோடு ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்வதே வழக்கம். அது தவறானாலும் கருவி ஓடும். மருந்தின் அளவுதான் பிழையாகும்.

வழக்கப்படியே செய்வோம் என்றேன் நான். வசந்தி ஒப்பவில்லை.

"ஒண்டும் சொல்லேல்லை எண்டால் ஓம் எண்டோ அர்த்தம்? என்னைப் பொம்பிளை பார்க்க இணுவிலுக்கு வந்தவையும் உப்பிடித்தான். நான் தேத்தண்ணியைக் குடுத்திட்டுப் பேசாமல் இருந்தன். அவை கலியாண நாளும் வைச்சிட்டினம்!"

"பிறகு?"

"பிறகென்ன, நானே போன் எடுத்து வேண்டாம் எண்டன். பாவம், மண்டபமும் பிடிச்சிட்டினம்."

அலுவலகமே சிரித்தது. சிரித்துக்கொண்டே, குறிப்பில்லாத கோப்பு வந்தால் இணைப்பை நிறுத்தும்படி லிங்கரை மாற்றினார். அதன்பிறகு கருவி செய்யும் நிறுவனத்தாரிடம் பேச்சு வாங்காத வாரமில்லை. வசந்தி அசையமாட்டார். நின்ற கோப்பைப் பிரித்து, கட்டளை கட்டளையாக வாசித்து, உறுதியான பிறகே குறிப்பை எழுதுவார். சிறு சந்தேகம் வந்தாலும், "ஐமிச்சமெண்டால் நிப்பாட்டும்" என்பார் என்னிடம்.

அவருடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அந்த நிறுவனத்தின் முகாமையாளர் அழைத்தார். வசந்தி பாதி வாசித்த ஒரு கோப்பில் இணைப்பு நின்றிருந்தது. "உந்தத் தடையை எடுத்துவிடுங்கோ. ஆஸ்பத்திரியிலை கருவிக்காகப் பார்த்துக்கொண்டிருக்கினம்" என்றார். அதுவும் உண்மை. விட்டாலும் பயம், மறித்தாலும் பயம்.

மீதியை நானே வாசித்தேன். ஓரிடம் பிடிபடவேயில்லை. அதை எழுதியவர் எங்கேயென்று எவருக்கும் தெரியாது. வசந்தி, அன்றைக்கு உம்மைத் தேடியது போல நான் யாரையும் தேடியதில்லை.

"விளங்காமல் விடமாட்டன்" என்று முகாமையாளரிடம் சொன்னேன். அவர் கத்திவிட்டு வைத்தார். கோப்பு இன்னும் நிற்கிறது. நான் செய்தது சரியோ தெரியவில்லை.

வசந்தியிடமிருந்து எனக்கு மிஞ்சியது தைரியம் என்று எழுத ஆசைதான். உண்மையில் மிஞ்சியது பயம், முகம் தெரியாத ஒரு நோயாளிக்காகப் படும் பயம். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.