ஹூக் முனையும் அம்மாவின் டொச்சும்

அயர்லாந்தின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் விரல் நீட்டியதுபோல, ஹூக் முனை என்று ஓர் இடம் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. எங்கள் வீட்டில் ஒருவருமே போனதில்லை. ஆனால் நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, ஜெர்மனியின் பான் நகரில் எங்கள் மூன்றாம் மாடிச் சமையலறையில், ஒரு குளிர்காலம் முழுவதும் அந்த முனையின் சரித்திரம்தான் முழங்கிக்கொண்டிருந்தது. மேல்வீட்டு ஜெர்மன் கிழவர் ஒருநாள் படியில் அப்பாவை மறித்து, உங்கள் வீட்டில் யாராவது பாதிரியார் வேலைக்குப் படிக்கிறார்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

இது இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நடந்தது. ஜெர்மனியில் நாலாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி விடுகிற கிம்னாசியத்துக்குச் சிலர், அதற்கு அடுத்த படியான ரியால்ஷூலேக்குச் சிலர், மிச்சப் பேர் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு. பால்பல் முழுக்க விழுந்து முடியாத வயதிலேயே ஒரு பிள்ளையின் போக்கு முடிவாகிவிடும். முடிவு சொல்பவர் வகுப்பாசிரியை. எங்கள் பக்கத்தில் அந்த ஆண்டுகளில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு விட்டதும் வாசலில் நிற்கும் தாய்மாருக்கு வேறு கதை கிடையாது. "உங்கட பிள்ளை கிம்னாசியமோ?" என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். அம்மா "பாப்பம்" என்று மட்டும் சொல்வார். வீட்டுக்கு வந்த பிறகு சட்டிகள் வழக்கத்தைவிடப் பலமாக அடிபடும்.

அதற்குக் காரணம் இருந்தது. முந்தின தவணை அறிக்கையில் ஆசிரியை என்னை 'மிகவும் அமைதியான பிள்ளை' என்று எழுதியிருந்தார். அப்பா அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்த வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து, "பிள்ளை வலு அமைதியாம், ரீச்சரே எழுதியிருக்கிறா" என்று பெருமை பேசினார். பிறகு ஒரு வீட்டில், இரண்டு பிள்ளைகளைக் கிம்னாசியத்துக்கு அனுப்பிப் பழகிய ஓர் அக்கா, உண்மையைப் போட்டுடைத்தார். இங்கே அது பாராட்டு இல்லை, குறை. வகுப்பில் கையை உயர்த்திப் பேசாத பிள்ளைக்குப் பாதிப் புள்ளி போய்விடும். பெரியவர்கள் கேட்டாலொழிய வாய் திறக்கக்கூடாது என்று அம்மா என்னை எவ்வளவு அருமையாக வளர்த்திருந்தாரோ, அவ்வளவுக்கு என் புள்ளிகள் குறைந்திருந்தன.

அம்மா தொலைபேசியை வைத்தார். பிறகு, "சரி, பேசத்தானே வேணும்? பேசுவிப்பம்" என்றார். அம்மா அப்படிச் சொன்னால் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு மறுபேச்சு இல்லை.

அந்த வாரமே ஆசிரியை ஒரு தொப்பியில் சீட்டுகளைப் போட்டு எங்கள் முன்னால் நீட்டினார். ஐரோப்பாவின் வெளிச்சவீடுகள் (கலங்கரை விளக்கங்கள்) பற்றி ஒவ்வொரு பிள்ளையும் வகுப்பின் முன் நின்று பேச வேண்டும். மற்றவர்களுக்கு வடகடல் தீவுகள், பிரெஞ்சுக் கரைகள் என்று விடுமுறைக்குப் போய்வந்த இடங்களாக வந்தன. எனக்கு வந்தது ஹூக் முனை.

நான் சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பேச்சுப் போட்டிதானே! என்னட்ட விடு" என்றார். போட்டி இல்லை, வெறும் பேச்சு என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. ஊரில், யாழ்ப்பாணத்தில், படித்த காலத்தில் பேச்சுப் போட்டி மேடைகளை ஒரு கலக்குக் கலக்கியவர் அவர். இங்கே முதியோர் இல்லம் ஒன்றின் சமையல்கட்டில் துப்புரவு வேலை. டொச் மொழியில் (ஜெர்மனுக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான்) எனக்குத் தெரிய அவர் பேசியது ஓம், இல்லை, சூடு, நாளைக்கு, முடிஞ்சுது. அவ்வளவையும் வைத்துக்கொண்டு அவர் பல ஆண்டுகளைச் சமாளித்திருந்தார்.

அப்பா நூலகத்துக்குப் போய் ஒரு கட்டுப் புத்தகங்களோடு வந்து டொச்சில் பேச்சை எழுதினார். அவருக்கு அந்த மொழி ஓரளவு நன்றாகவே வரும். நல்ல பேச்சுத்தான். பல நூறு ஆண்டுகளுக்கு முன்னே கடல் கடந்து வந்த ஒரு துறவி அந்த முனையில் மடம் கட்டினார். பாறையில் மோதிச் சிதறிய கப்பல்களைக் கண்டு மனம் பொறுக்காமல், இரவில் அங்கே நெருப்பு மூட்டத் தொடங்கினார். அவருக்குப் பிறகு வந்த துறவிகளும் அதை விடவில்லை. பின்னர் ஒரு பிரபு, தன் துறைமுகத்துக்குக் கப்பல்கள் பத்திரமாக வந்து சேர வேண்டுமே என்ற கவலையில், அங்கே கல்லால் ஒரு பெரிய கோபுரம் கட்டுவித்தார். எண்ணூறு வருடமாக அது நிற்கிறது. துறவிகளே அதன் முதல் காவலர்கள். சுவருக்குள் அவர்கள் குடியிருந்த அறைகளும், குளிர் காய்ந்த அடுப்புகளும் இன்னும் இருக்கின்றன. விறகு போய் நிலக்கரி வந்தது, பிறகு எண்ணெய், பிறகு வாயு, கடைசியில் மின்சாரம். வெள்ளைக் கோபுரத்தில் இரண்டு கறுப்புப் பட்டை. அருகே கூரையில்லாத பழைய தேவாலயம், சின்னத் துறையின் ஓரத்தில் இடிந்த கோட்டை, கரைப் பாறையில் கல்லாகிப்போன கடற்பிராணிகள்.

இவற்றோடு பேய் வீடு ஒன்றும் இருந்தது. புயல் அடித்த நாளில் அந்த முனையிலுள்ள மாளிகைக்கு ஓர் அந்நியன் வந்து சீட்டாடினானாம். கீழே விழுந்த சீட்டை எடுக்கக் குனிந்த பெண், மேசைக்கடியில் அவனுடைய கால் குளம்பாக இருப்பதைக் கண்டாளாம். எனக்கு முழுப் பேச்சிலும் பிடித்தது அதுதான். அம்மா ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டார். "பேய்க்கதை சொல்லி ஆரும் கிம்னாசியத்துக்குப் போனதில்லை. சரித்திரம் மட்டும் காணும்."

அப்பா எழுதி முடித்ததும் அம்மா இன்னொரு வேலை வைத்தார். டொச் எழுத்தை அவரால் விரைவாக வாசிக்க ஏலாது. பிள்ளை தடுமாறினால் எடுத்துக் கொடுக்க வேண்டுமே. ஆகவே முழுப் பேச்சையும், டொச் ஒலி மாறாமல், அப்பா தமிழ் எழுத்தில் திருப்பி எழுதினார். அது அடுப்புக்கு மேலே அலுமாரிக் கதவில் ஒட்டப்பட்டது. அம்மா கறியைக் கிளறியபடி அதைப் பார்த்து எனக்கு அடி எடுத்துக் கொடுப்பார். அவருக்குப் பொருள் தெரியாது. ஆனால் நான் ஒரு சொல்லை விழுங்கினால் உடனே பிடித்துவிடுவார்.

பேச்சு அவையை விளித்துத்தான் தொடங்க வேண்டும் என்பதில் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. தலைவி அவர்களே, நடுவர் பெருமக்களே, சபையோரே என்று அத்தனையையும் அப்பா முணுமுணுத்துக்கொண்டே டொச்சில் போட்டார்.

"இஞ்சாரும், இங்க உப்பிடிப் பேசமாட்டினம்" என்று சொல்லிப் பார்த்தார்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. சபைக்கு மரியாதை குடுத்தால் ஆருக்குப் பிடிக்காது?"

பிறகு பயிற்சி. "கையைக் கட்டாதை. கடல் எண்டு சொல்லேக்கை கை கடல் பக்கம் போகவேணும். மறந்துபோனால் முழுசிக்கொண்டு நிக்காதை. கடைசியாச் சொன்ன வசனத்தை இன்னொருக்கால் உரத்துச் சொல்லு. சபை அதை அழுத்தம் எண்டு நினைக்கும்." என் தம்பிக்கு மூன்று வயது. அவன்கூடத் துறவிகள் நெருப்பு மூட்டும் இடம் வந்தால் கையைத் தூக்கினான்.

அந்த நாள் வந்தது. எனக்கு முன்னால் பேசிய பிள்ளைகள் சின்ன அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, காலை ஆட்டியபடி, வீட்டில் கதைப்பதுபோலக் கதைத்தார்கள். நான் போய் நிமிர்ந்து நின்றேன். தலைவியையும் நடுவர் பெருமக்களையும் விளித்தேன். வகுப்பே சிரித்தது. விடவில்லை. ஹூக் முனையின் சரித்திரத்தை ஒரு சொல் பிசகாமல் கடைசி வரிசைச் சுவரில் மோதும்படி முழங்கினேன். முடிந்ததும் ஒரு பையன் கை உயர்த்தி, அந்தத் துறவிகள் எப்போது தூங்கினார்கள் என்று கேட்டான். பேச்சுப் போட்டியில் யாரும் கேள்வி கேட்பதில்லை. அது தாளிலும் இல்லை. நான் மறுபடி அமைதியான பிள்ளையாகிவிட்டேன். நன்றாகப் பாடமாக்கியிருக்கிறாய், அடுத்த முறை உன் சொந்தச் சொல்லில் சொல் என்று ஆசிரியை சொன்னார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அம்மா, "முதலாவதோ?" என்று கேட்டார்.

"பரிசே இல்லை அம்மா."

"அப்ப ரெண்டாவதோ?"

கொஞ்ச நாளில் பெற்றோரைத் தனித்தனியே கூப்பிட்டுப் பேசும் நாள் வந்தது. அப்பாவுக்கு அன்றைய வேலை முறையை மாற்ற முடியவில்லை. "ரியால்ஷூலேயும் நல்லதுதான். எங்கட பிள்ளை அதிலயும் முன்னுக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையை உடுத்து, அதற்கு மேல் தடித்த குளிர்கோட்டைப் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். மொழிபெயர்ப்பாளர் நான்தான். என்னைப் பற்றி என்ன முடிவு என்பதை நானே என் தாய்க்குச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் அது புதினமில்லை.

பிள்ளைகளுக்கான குட்டிக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க இருந்தோம். ஆசிரியை நல்ல மனுசி. கனிவாகத்தான் பேசினார். பிள்ளை கடும் உழைப்பாளி. ஆனால் கிம்னாசியம் பாரமானது. பின்னேரங்களில் பெற்றோர் கூட இருந்து உதவ வேண்டிவரும். இவளுக்கு வீட்டில் அப்படி உதவ ஒருவரும் இல்லையே. பிள்ளையை வதைக்க வேண்டாம், ரியால்ஷூலேதான் நல்லது என்றார்.

நான் சுருக்கிச் சொன்னேன். "நான் நல்லா உழைக்கிறனாம். ஆனா கிம்னாசியம் பாரமாம். எனக்கு ரியால்ஷூலேயே காணுமாம்."

அம்மா என்னைப் பார்த்தார். "வீட்டில ஆரும் இல்லையெண்டும் சொன்னவா, என்ன?"

இத்தனை விளங்குமா இவருக்கு? "ஓம்" என்றேன். "உதவி செய்ய ஆக்கள் இல்லையாம்."

அம்மா எழுந்தார். குட்டிக் கதிரையைப் பின்னால் தள்ளினார். குளிர்கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்தார். எனக்கு விசயம் பிடிபடுவதற்குள் தலைவியையும் நடுவர் பெருமக்களையும் விளித்துவிட்டார்.

ஹூக் முனை முழுவதும் வந்தது. துறவி வந்தார், கப்பல்கள் உடைந்தன, நெருப்பு மூண்டது. அம்மாவின் டொச்சில் யாழ்ப்பாணம் அப்படியே இருந்தது. கடல் வந்த இடத்தில் கை ஜன்னல் பக்கம் போனது. கோபுரம் கட்டிய இடத்தில் குரல் உயர்ந்தது. அடுத்த முறைக்குக் காத்திருந்த ஒரு தாயும் தகப்பனும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். நிலக்கரியில் அம்மாவுக்குத் தடக்கியது. முழுசவில்லை. கடைசி வசனத்தை உரத்துச் சொன்னார். பிறகு இன்னும் உரத்துச் சொன்னார். மூன்றாம் முறை, வெட்கத்தில் தலை குனிந்திருந்த என் வாய் தன்பாட்டில் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு மின்சாரம் வரை போய், தேவாலயத்தையும் கோட்டையையும் கடந்து, நன்றி கூறி முடித்தார்.

ஆசிரியை சிரிக்கவில்லை. நீங்கள் சொன்னது உங்களுக்கு விளங்குகிறதா என்று மெதுவாகக் கேட்டார். இதற்கு அம்மா என்னைப் பார்க்கவில்லை. சொந்தச் சொல்லில், தன் கையிருப்பு டொச்சில், தானே பதில் சொன்னார். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நான் விளங்குதல் கொஞ்சம். பிள்ளை விளங்குதல் முழுக்க. நான் பக்கத்தில் இருத்தல். ஒவ்வொரு நாள் இருத்தல்."

ட்ராமில் அம்மாமேல் எனக்கு அவ்வளவு கோபம். என் பேச்சை எடுத்துப் பேசிவிட்டார். அதிலும் என்னைவிடத் திறமாகப் பேசிவிட்டார். எனக்குக் கை தட்டாத ஆசிரியை அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போதாக்குறைக்குக் கடைசியில் ஒரு வினைச்சொல்லையும் ஒழுங்காகச் சொல்லாமல் மானத்தை வாங்கிவிட்டார்.

"என்ர பேச்சை நீங்கள் ஏன் பேசினீங்கள்?" என்று இறங்கும்போது கேட்டேன்.

"பிழை விட்டனானே?"

"நிலக்கரியில."

"ஓம், அதில எப்பவும் தடக்கும்" என்று சொல்லிவிட்டு, என் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார்.

கிம்னாசியம் கிடைத்தது. அங்கே நான் லத்தீன் படித்தேன், இயற்கணிதம் படித்தேன், அம்மாவுக்கு ஓர் எழுத்தும் விளங்காத எத்தனையோ படித்தேன். வேலையால் வந்ததும் அம்மா கைகால் கழுவிவிட்டு, நான் படிக்கும் மேசையில் எனக்குப் பக்கத்தில் வந்து இருப்பார். வெங்காயம் உரிப்பார், தம்பியின் சட்டைக்குப் பொத்தான் தைப்பார், காய்ச்சலோடும் இருப்பார். சில நாள் இருந்தபடியே தூங்குவார். "உங்களுக்குத்தான் ஒண்டும் விளங்காதே, போய்ப் படுங்கோவன்" என்று நான் எரிந்து விழுவேன். "நீ படி" என்பார், எழும்பமாட்டார். பள்ளிப் படிப்பு முடிகிறவரை இது நடந்தது. வேறு போக்கிடம் இல்லாமல்தான் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஆசிரியைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை.